வலிக்கு எத்தனை மார்க்?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், மகளிர் உடல்நல அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன், சுழல்நிதி பற்றிப் பேச என்னைவிட விவரம் தெரிந்தவர்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள். நான் முப்பது வருஷத்துக்கு மேல் ஆபரேஷன் வார்டில் நர்ஸாக இருந்தவள். அதனால் எனக்குத் தெரிந்ததைப் பேசுகிறேன். ஆபரேஷன் முடிந்தபிறகு வருகிற வலியை எப்படி அளக்கிறது, அதற்கு எவ்வளவு மருந்து வேண்டும், அதை எப்படி முடிவு பண்றாங்க என்பதுதான் விஷயம்.

இதற்கு ஏன் மகளிர் குழுக் கூட்டத்தில் அரை மணி நேரம் என்று யாராவது நினைக்கலாம். ஒரு கணக்கு சொல்கிறேன். 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் 100-க்கு 45 சிசேரியன். அதற்கு முந்தின கணக்கெடுப்பில் 34 ஆக இருந்தது. இது போக குடும்பக் கட்டுப்பாடு, கர்ப்பப்பை எடுக்கிறது, பித்தப்பைக் கல், குடலிறக்கம். இந்தப் பந்தலில் வயிற்றில் கத்தி படாதவங்க கை தூக்குங்க என்றால் எத்தனை கை எழும்பும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வார்டில் ரவுண்ட்ஸ் போகும்போது கேட்போம். "எப்படிம்மா இருக்கு, வலிக்கா?" நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சொல்கிற பதில், "பரவாயில்ல சிஸ்டர்." அதைச் சொல்லும்போதே கை கட்டில் கம்பியைப் பிடித்திருக்கும். மூச்சு மேலாக மேலாக வாங்கும். இருமல் வந்தால் அடக்குவாள். உப்பளத்தில் வெடித்த காலோடு பாத்தியில் இறங்கி வேலை பார்த்தவளுக்கும், விடியற்காலையில் ஐஸ் மீன் கூடையைத் தலையில் தூக்கி நடந்தவளுக்கும் வலியைச் சொல்லுகிற பழக்கமே கிடையாது. சொன்னால் "பிள்ள பெத்தவளுக்கு இது ஒரு வலியாக்கும்" என்று பக்கத்திலேயே ஒரு குரல் வரும். சில நேரம் அவளிடம் கேட்ட கேள்விக்கு மாமியாரோ வீட்டுக்காரரோ பதில் சொல்லிவிடுவார்கள். "அவளுக்கு ஒண்ணுமில்ல, நல்லா தூங்குனா." நான் அவர்களைப் பார்த்து, "நான் உங்கள கேக்கல அண்ணாச்சி, அவங்களைக் கேட்டேன்" என்று சொல்லிச் சொல்லியே வாய்க்காரி என்று பேர் வாங்கினேன். அந்தப் பேர் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

வலியை அடக்கிக்கொண்டு கிடந்தால் என்ன கெட்டுப்போகும்? கேட்க வேண்டிய கேள்விதான். வயிற்றில் தையல் போட்டவள் வலிக்குப் பயந்து ஆழமாக மூச்சு இழுக்க மாட்டாள், இரும மாட்டாள். நெஞ்சில் சளி தங்கும், காய்ச்சல் வரும், நிமோனியா வரைக்கும் போகலாம். எழுந்து நடக்காமல் கிடந்தால் கால் நரம்பில் ரத்தம் உறையலாம். அது நுரையீரலுக்கு ஏறினால் உயிருக்கே ஆபத்து. பிள்ளையை மடியில் தூக்கிப் போட முடியாமல் பால் கொடுப்பது தள்ளிப்போகும். ஆரம்பத்தில் கடுமையான வலியோடு கிடந்தவர்களில் சிலருக்கு, காயம் ஆறி மாதக்கணக்கான பிறகும் அந்த இடத்தில் வலி தங்கிவிடுகிறது. தாங்கிக்கொள்வதால் கிடைக்கிற லாபம் என்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

சரி, எப்படி அளக்கிறது? நம்ம கடற்கரையில் முத்துக் குளித்த காலத்தில் முத்தை மஞ்சாடிக் கணக்கில் நிறுத்தார்கள். சின்னதும் பெரிதுமாகத் துளை போட்ட பெட்டிகளில் சலித்துத் தரம் பிரித்தார்கள். கடல் ஆழத்தைப் பாகத்தில் அளந்தார்கள். வலியை அப்படி வெளியே எடுத்து வைத்து நிறுக்க முடியாது. காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் உண்டு, பிரஷருக்குக் கருவி உண்டு. வலிக்கு அந்தப் பெண்ணின் வாய்தான் கருவி. அதனால்தான் அவளிடம் கேட்கச் சொல்கிறார்கள்.

உலகம் முழுக்க வார்டுகளில் கேட்கிற முறை ரொம்பச் சுலபம். வலியே இல்லை என்றால் பூஜ்யம். நினைத்துப் பார்க்கவே முடியாத வலி என்றால் பத்து. இப்போ உனக்கு எத்தனை? பொதுவாக மூன்று வரைக்கும் லேசான வலி, நான்கு முதல் ஆறு நடுத்தரம், ஏழுக்கு மேல் கடுமை என்று எடுத்துக்கொள்வோம். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சும்மா படுத்திருக்கும்போது கேட்டால் மட்டும் போதாது. "ஒரு தடவை இருமிக் காட்டுங்க, புரண்டு படுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி கேட்க வேண்டும். படுத்திருக்கும்போது இரண்டு என்றவள் இருமும்போது எட்டு என்பாள். அந்த எட்டுதான் நமக்கு வேண்டிய நம்பர். அதைக் குறைத்தால்தான் அவள் எழுந்து பாத்ரூம் வரைக்கும் நடப்பாள். பூஜ்யத்துக்குக் கொண்டுவரணும் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது. மூச்சு இழுக்க, நடக்க, பிள்ளைக்குப் பால் கொடுக்க முடிகிற அளவுக்கு வந்தால் மருந்து சரியாக வேலை செய்கிறது.

வயசானவர்களுக்கு இந்த நம்பர் கணக்கு சட்டென்று பிடிபடாது. உப்பளத்தில் வேலை பார்த்த ஒரு ஆச்சி, "எனக்கு நம்பர்லாம் தெரியாது தாயி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஆச்சி, வலி முழுசா பத்து ரூவான்னு வச்சுக்கோங்க. இப்ப உங்களுக்கு எத்தனை ரூவாய்க்கு வலிக்கு?" என்று கேட்டேன். "எட்டு ரூவாய்க்கு வலிக்கு" என்று உடனே வந்தது பதில். ஊசி போட்டு அரை மணி கழித்துப் போய்க் கேட்டால், "மூணு ரூவா பாக்கி இருக்கு" என்றாள். ரூபாய்க் கணக்கு நம்ம பெண்களிடம் தப்பாது.

சிரிக்கிற முகத்தில் தொடங்கி அழுகிற முகம் வரைக்கும் ஆறு முகம் வரைந்த அட்டை ஒன்று உண்டு. அமெரிக்காவில் டோனா வோங், கோனி பேக்கர் என்று இரண்டு பெண்கள் 1980-களில் குழந்தைகளுக்காக உண்டாக்கியது. அதில் டோனா வோங் நம்மைப் போல நர்ஸ். எந்த முகம் உன் வலி மாதிரி இருக்கு என்று பிள்ளையே தொட்டுக் காட்டணும். பிள்ளை முகத்தை நாம் பார்த்து நாமே ஒரு படத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. இதைப் பெரிய ஆஸ்பத்திரியிலும் தப்பாகச் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நம்பரோடு இன்னொன்றும் வேண்டும். எப்படிப்பட்ட வலி என்கிறது. கனடாவில் ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியல் பேராசிரியர் நோயாளிகள் வலியைச் சொல்லுகிற வார்த்தைகளைச் சேர்த்து வகைப்படுத்தி, 1975-ல் ஒரு கேள்வித்தாளாக வெளியிட்டார். நமக்கு அந்தத் தாள் இல்லாமலே வார்த்தை இருக்கிறது. குத்துது, எரியுது, கடுக்குது, உளையுது, குடையுது, சுண்டி இழுக்குது, விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, முறுக்குது, பாரமா அழுத்துது, மரத்துப்போன மாதிரி இருக்கு. இதெல்லாம் ஒன்றா? இல்லையே. தையல் போட்ட இடம் இழுத்துப் பிடிக்கிறது ஒரு மாதிரி. விண்ணு விண்ணு என்று தெறித்தால் உள்ளே சீழ் கோர்க்கிறதா என்று பார்க்கத் தோன்றும். எரிச்சலும் மரப்பும் ஷாக் அடித்த மாதிரியும் இருந்தால் நரம்பு பாதிக்கப்பட்ட வலியாக இருக்கலாம். அதற்குக் கொடுக்கிற மருந்தே வேறு. "வலிக்கு" என்று மட்டும் சொல்லாமல் வீட்டில் சொல்லுகிற அதே வார்த்தையை டாக்டரிடமும் சொல்லுங்கள். படித்தவர் முன்னால் அந்த வார்த்தை நாகரிகமாக இருக்காதோ என்று கூச்சப்பட வேண்டாம்.

காயம் பெரிதாக இருந்தால் வலி பெரிது, சின்னக் காயம் என்றால் சின்ன வலி. இப்படித்தான் நாம் எல்லாரும் நினைக்கிறோம். இரண்டாம் உலகப்போரில் ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மயக்கவியல் டாக்டர், படுகாயப்பட்ட சிப்பாய்களிடம் வலி மருந்து வேண்டுமா என்று கேட்டுப் பார்த்தார். நாலில் மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். ஊருக்குத் திரும்பி, சாதாரண ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடம் கேட்டால் பெரும்பாலோர் மருந்து வேண்டும் என்றார்கள். சிப்பாய்க்கு அந்தக் காயம் உயிர் தப்பி வீட்டுக்குப் போகிற டிக்கெட். வீட்டில் இருந்தவனுக்கு ஆபரேஷன் வந்து சேர்ந்த கஷ்டம். காயத்தைப் பார்த்து வலியைச் சொல்ல முடியாது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

இதைவிட நமக்கு நெருக்கமான ஒரு ஆய்வு 2013-ல் ஜெர்மனியில் இருந்து வந்தது. 105 ஆஸ்பத்திரி, 50,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள், 179 வகை ஆபரேஷன். எல்லாரிடமும் மறுநாள் அந்தப் பத்து மார்க் கேள்வியைக் கேட்டார்கள். ரொம்ப வலிக்கிற வரிசையில் எலும்பு ஆபரேஷன்கள் முன்னால் இருந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் சிசேரியனும் முன்வரிசையில் வந்தது. குடல்வால், மூலம், தொண்டைச் சதை என்று 'சின்ன ஆபரேஷன்' பட்டியலில் இருப்பவையும் மேலே வந்தன. வயிற்றைப் பெரிதாகத் திறக்கிற சில ஆபரேஷன்களில் வலி குறைவாக இருந்தது. காரணம் என்ன தெரியுமா? பெரிய ஆபரேஷனுக்கு முதுகில் குழாய் வைத்து மருந்து கொடுத்துக் கவனமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். சின்னது என்று பேர் வைத்ததற்கு மருந்தும் சின்னதாகிவிடுகிறது. ஜெர்மனியிலேயே இப்படி. அதனால் "சின்ன ஆபரேஷன்தானே, ஏன் இவ்வளவு அலட்டுற" என்று இனி யாராவது சொன்னால் இந்த ஆய்வைச் சொல்லுங்கள்.

இப்போது மருந்துக்கு வருகிறேன். முதலில் பாரசிட்டமால், அதோடு டைக்ளோபினாக் மாதிரி வீக்கம் குறைக்கிற மருந்து, வயிற்றுச் சுவர் நரம்பை மரக்கவைக்கிற ஊசி. இவையே பாதி வலியைக் குறைத்துவிடும். மீதிக்குத்தான் அபின் குடும்பத்து மருந்துகள். மார்பின், பெண்டானில், டிரமடால். மார்பின் என்ற பேரைக் கேட்டதுமே, "ஐயோ சிஸ்டர், அது கேன்சர்காரங்களுக்குக் கடைசியில போடுறதுல்லா?" என்பார்கள். கேன்சர் வலிக்கும் போடுவார்கள், ஆபரேஷன் வலிக்கும் போடுவார்கள், மாரடைப்பு வலிக்கும் போட்டதுண்டு.

எவ்வளவு போடுவது? ஒரே நாளில், ஒரே டாக்டர், ஒரே ஆபரேஷன் செய்த இரண்டு பெண்களில் ஒருத்திக்குத் தேவைப்படுகிற அளவு மற்றவளுக்குப் போல மூன்று நான்கு மடங்குகூட இருக்கும். உடம்பு பெருத்தவளுக்கு நிறைய வேண்டும் என்பதும் சரிவராது. வயதுதான் ஓரளவு வழிகாட்டும், வயதானால் குறைவாகவே போதும். அதனால் கணக்குப் போட்டு ஒரே அடியாக ஏற்றுவதில்லை. நரம்பில் ஒரு மில்லிகிராம், இரண்டு மில்லிகிராம் கொடுத்து, ஐந்து பத்து நிமிஷம் பொறுத்து, நம்பர் கேட்டு, தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம். குழம்புக்கு உப்புப் போட்டு நாக்கில் வைத்துப் பார்க்கிற மாதிரிதான். நம்பரைச் சரியாகச் சொல்லாவிட்டால் இந்த முறையே வேலை செய்யாது. 'பரவாயில்ல' என்று சொன்னவளுக்கு அடுத்த ஊசி கிடையாது.

வலியை மட்டும் பார்த்துக்கொண்டே மருந்து ஏற்றவும் கூடாது. மயக்கம் எவ்வளவு, நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று சேர்த்துப் பார்ப்போம். பெரியவர்களுக்குச் சாதாரணமாக 12 முதல் 20 மூச்சு. பத்துக்குக் கீழே போனால் உடனே கவனிக்கணும். அதற்கு முன்னாலேயே ஆள் அளவுக்கு மீறித் தூங்கி வழிய ஆரம்பிப்பாள். கூப்பிட்டால் கண்ணைத் திறந்து, பேச்சு முடியுமுன் மறுபடி மூடிவிடுவாள். "நல்லா தூங்குறா, எழுப்ப வேண்டாம்" என்று கூட இருப்பவர்கள் சொல்கிற நேரம்தான் சில சமயம் ஆபத்தான நேரம். எழுப்பிப் பாருங்கள், சரியாக எழும்பவில்லை என்றால் சிஸ்டரைக் கூப்பிடுங்கள். நலாக்சோன் என்ற மாற்று ஊசி இருக்கிறது, போட்டால் நிமிஷத்தில் தெளிந்துவிடும். பெரிய ஆஸ்பத்திரிகளில் நோயாளியே பொத்தானை அழுத்தி மருந்தை ஏற்றிக்கொள்கிற மெஷின் வைப்பார்கள். அதை அவள் மட்டும்தான் தொடணும். பாசத்தில் மகளோ புருஷனோ அழுத்திவிடக் கூடாது. தூக்கம் அதிகமானவள் தானாக அழுத்த மாட்டாள் என்பதுதான் அந்த மெஷினின் பாதுகாப்பே.

வாந்தி, அரிப்பு, மலச்சிக்கல் வரும். அதற்கு மருந்து உண்டு, சொன்னால் கொடுப்பார்கள்.

நம்ம நாட்டுக் கதை ஒன்றைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. மார்பின் எடுக்கிற அபின் செடியை மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசாங்க உரிமத்தோடு பயிரிடுகிறார்கள். நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசு ஆலை இருக்கிறது. அபின் வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகளுக்கு ஏற்றுமதியும் ஆகிறது. அப்படி இருந்தும் நம்ம நோயாளிக்கு மார்பின் கிடைக்காமல் போனது. 1985-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. கடத்தல்காரனைப் பிடிக்கக் கொண்டுவந்த சட்டம்தான். ஆனால் ஒரு ஆஸ்பத்திரி மார்பின் வாங்க நாலைந்து உரிமம் வெவ்வேறு துறைகளில் வாங்கணும் என்றானது. ஒரு உரிமம் வருவதற்குள் மற்றது காலாவதியாகும். தப்பினால் ஜெயில். ஆஸ்பத்திரிகள் வாங்குவதையே விட்டன. அடுத்த பன்னிரண்டு வருஷத்தில் நாட்டில் மருத்துவத்துக்குப் பயன்பட்ட மார்பின் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் குறைந்துபோனது. அந்தக் காலத்தில் மருந்தைப் பார்க்காமலே படித்து முடித்த டாக்டர்களும் நர்ஸுகளும் ஒரு தலைமுறை. கேரளத்தில் மயக்கவியல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் அவரோடு சேர்ந்தவர்களும் இதற்காக வருஷக்கணக்கில் டெல்லிக்கு அலைந்தார்கள். 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது அத்தியாவசியப் போதை மருந்துகள் என்ற பட்டியலில் மார்பின் இருக்கிறது, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஒரே அனுமதி போதும். திருத்தம் வந்தும் வாங்கி வைக்காத ஆஸ்பத்திரிகள் இன்னும் உண்டு. ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும்போது, பணம் எவ்வளவு ஆகும், காப்பீட்டு அட்டை செல்லுமா என்று கேட்கிறீர்கள் இல்லையா, அதோடு இதையும் கேளுங்கள்: "முதல் ரெண்டு நாள் வலிக்கு என்ன கொடுப்பீங்க? ராத்திரி யார் பார்ப்பாங்க?"

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1990-களின் கடைசியில் மருந்துக் கம்பெனிகளின் விளம்பரமும் சேர்ந்து, எல்லா வலிக்கும் இந்த மாத்திரைகளை அள்ளிக் கொடுத்தார்கள். சின்ன ஆபரேஷனுக்குக்கூட ஒரு மாதத்துக்கான மாத்திரை. மீந்தது அலமாரியில் கிடந்து மகன் கைக்கும் விருந்தாளி கைக்கும் போனது. அடிமையானவர்கள் பிறகு கள்ளச் சந்தைக்குப் போனார்கள். 2021-ல் மட்டும் அங்கே இந்தக் குடும்பத்துப் பொருள்களால் 80,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பகுதி கள்ளச் சந்தைப் பெண்டானில். ஆஸ்பத்திரியில் கண்காணிப்போடு இரண்டு மூன்று நாள் போடுகிற ஊசிக்கும் இதற்கும் தூரம் அதிகம். ஆனாலும் வீட்டுக்கு வருகிற மாத்திரையில் கவனம் வேண்டும். டிரமடால் 2018 முதல் நம்ம நாட்டிலும் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் இருக்கிறது. வீட்டில் குடிப்பழக்கம் உள்ளவர் இருந்தால் அந்த மாத்திரையைப் பூட்டி வையுங்கள். குடியோடு சேர்ந்தால் மூச்சு நின்றுபோகும். மீந்ததைப் பக்கத்து வீட்டு இடுப்பு வலிக்குக் கொடுத்து உபகாரம் பண்ண வேண்டாம். பால் கொடுக்கிற தாய்க்கு டிரமடாலும் கோடீனும் வேண்டாம் என்று 2017-லேயே எச்சரிக்கை வந்திருக்கிறது. மருந்து எழுதும்போதே "பால் கொடுக்கேன்" என்று சொல்லிவிடுங்கள். பாரசிட்டமால் அவர்களுக்கு நல்லது.

எல்லாக் கூட்டத்திலும் கேட்கிற கேள்வி, முதுகில் போட்ட ஊசியால்தானே இன்னும் முதுகு வலிக்கு? ஊசி போட்ட இடம் சில நாள் நோகும், சிலருக்குச் சில நாள் தலைவலி வரும். வருஷக்கணக்கான முதுகுவலிக்கு அந்த ஊசியைக் காரணமாக ஆய்வுகள் காட்டவில்லை. பிள்ளையைத் தூக்குகிறது, குனிந்து நிமிர்கிறது, தளர்ந்த வயிற்றுத் தசை, இவற்றைப் பாருங்கள்.

வலி ஒரு தகவலும்கூட. சங்கு குளிக்கப் போகிறவர்கள் வீட்டில் இது தெரியும். ஆழத்தில் இருந்து சட்டென்று மேலே வந்தவருக்கு மூட்டு வலித்தால், வலி மாத்திரை போட்டுப் படுத்துக்கொள்வது வைத்தியம் ஆகாது, உடனே டாக்டரிடம் போகணும். ஆபரேஷன் வலியும் அப்படித்தான். முதல் இரண்டு நாள் அதிகமாக இருந்து பிறகு இறங்கணும். இறங்கிய வலி திரும்ப ஏறினால் உள்ளே ஏதோ நடக்கிறது. ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலித்தாலும், வயிறு கல்லு மாதிரி ஆனாலும் காத்திருக்கக் கூடாது.

எங்கள் தெருவில் ஒரு பெண் கர்ப்பப்பை எடுத்துவிட்டு வந்தாள். அவள் தங்கச்சி ஒரு குழுவில் பதிவேடு எழுதுகிறவள். பழக்கதோஷம், அக்காவுக்கும் ஒரு நோட்டுப் போட்டுவிட்டாள். மணி, படுத்திருக்கும்போது எத்தனை, இருமும்போது எத்தனை, என்ன மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்து எத்தனை. இரண்டாம் நாள் ஐந்து, மூன்றாம் நாள் மூன்று, நான்காம் நாள் மறுபடி நான்கு, ராத்திரி ஏழு. வீட்டில் எல்லாரும் "ஆபரேஷன் பண்ணா வலிக்கத்தான் செய்யும்" என்றார்கள். தங்கச்சி நோட்டைத் தூக்கிக்கொண்டு அக்காவை ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். டாக்டர் அந்த நான்கு வரியைப் படித்துவிட்டு உடனே ஸ்கேனுக்கு அனுப்பினார். உள்ளே சீழ் கட்டியிருந்தது. எடுத்துவிட்டார்கள், அவள் இப்போது நன்றாக இருக்கிறாள், இந்தக் கூட்டத்துக்கும் வந்திருக்கிறாள். பேர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள்.

உங்கள் குழுவில் யாருக்காவது ஆபரேஷன் தேதி குறித்திருந்தால், கூட இருக்கப் போகிறவரிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்துவிடுங்கள். இந்தப் பந்தலிலேயே மூன்று பேருக்கு அடுத்த மாதம் தேதி இருக்கிறதாகச் சொன்னார்கள். முகம் போட்ட அட்டைகளைச் சாப்பாட்டு வரிசை பக்கத்து மேஜையில் வைத்திருக்கிறேன், ஊக்குநர்கள் குழுவுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். நான் நாலு மணி பஸ்ஸுக்குத்தான் போகிறேன். மேடையில் கேட்கக் கூச்சமான கேள்வி இருந்தால் அங்கே வந்து கேளுங்கள்.